படம் எப்போ ஸ்கிரீன்ல வந்துச்சு? மூளை ஆராய்ச்சியில அந்த 0 மில்லிசெகண்ட் கோட்டோட கதை

தலையில எலக்ட்ரோடு ஒட்டி மூளையோட மின் அலையை அளக்குற இஇஜி பத்தின ஆராய்ச்சிப் பேப்பர் எதை எடுத்தாலும் ஒரு கிராஃப் இருக்கும், கீழ மில்லிசெகண்ட்ல நேரம், இடது பக்கம் மேலருந்து கீழ ஒரு கோடு, அந்தக் கோடுதான் 0, அதாவது படம் வந்த நேரம். முகத்தோட போட்டோ ஒன்னைக் காட்டினா சுமார் 170 மில்லிசெகண்ட்ல தலையோட பின்பக்க ஓரங்கள்ல ஒரு நெகட்டிவ் அலை வரும், அதனாலதான் அதுக்கு என்170னு பேரு. இந்த 170ஐ வச்சு எவ்வளவோ விவாதம் நடக்குது, இந்த குரூப்புக்கு 165ல வருது, அந்த குரூப்புக்கு 178ல வருது, அப்போ இவங்களுக்கு முகத்தைப் புரிஞ்சுக்குறது லேட் ஆகுதா அப்படின்னு. ஆனா அந்த 0 கோட்டைப் போட்டது யாரு, எதை வச்சுப் போட்டாங்கன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. எனக்கு அதுதான் மொத்த எக்ஸ்பெரிமெண்ட்லயும் முக்கியமான கேள்வின்னு தோணுது, ஏன்னா 0 நகர்ந்தா பின்னாடி இருக்குற எல்லா நம்பரும் சேர்ந்தே நகரும்.

இஇஜி ஆம்ப்ளிஃபையர் பக்கம் பார்த்தா பிரச்சனையே தெரியாது. செகண்டுக்கு 1000 சாம்பிள் எடுக்குது, அதாவது மில்லிசெகண்டுக்கு ஒன்னு, மூளையோட காந்தப் புலத்தை அளக்குற எம்இஜி மெஷினும் அப்படித்தான். இவ்வளவு துல்லியமா அளக்குற கருவிக்குப் பக்கத்துல ஸ்டிமுலஸ், அதாவது ஆளுக்குக் கொடுக்குற படமோ சத்தமோ, அதைக் காட்டுறதுக்கு ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் மானிட்டரும் உக்காந்திருக்கு, அந்த மானிட்டரோ பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், அதாவது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் அதால புதுப் படம் காட்ட முடியும். நடுவுல இவங்க ரெண்டு பேரையும் சேர்க்குறது ட்ரிகர்னு சொல்ற ஒரு குட்டி எலக்ட்ரிக் பல்ஸ், "இதோ இப்போ படம் வந்துடுச்சு"ன்னு கம்ப்யூட்டர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புற சிக்னல். ட்ரிகர் வந்த நேரம்தான் கிராஃப்ல 0 ஆகுது. மூளைக்கு ட்ரிகரைப் பத்தி ஒன்னும் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் கண்ணுல வெளிச்சம் விழுந்த நேரம் மட்டும்தான். இந்த ரெண்டு நேரமும் ஒன்னா இல்லாம போறதுக்கு வழியிலே நிறைய இடம் இருக்கு.

முதல் இடம் நாம எழுதுற ஸ்கிரிப்ட். படத்தை வரையச் சொல்லி கமாண்ட் கொடுத்தா அது உடனே ஸ்கிரீனுக்குப் போகாது, கிராஃபிக்ஸ் கார்டுல பின்னாடி இருக்குற ஒரு பஃபர்ல வரைஞ்சு வச்சுக்கும், அடுத்த ரெஃப்ரெஷ் வர்றப்போ முன்னாடி இருக்குற பஃபரோட இடம் மாத்திக்கும், இதைத்தான் ஃப்ளிப்னு சொல்றோம். கமாண்ட் கொடுத்த கையோட ட்ரிகரை அனுப்பிட்டா அது படத்துக்கு 0லேருந்து 16.7 மில்லிசெகண்ட் வரைக்கும் எங்க வேணா முந்திப் போகலாம், ஒவ்வொரு ட்ரயல்லயும், அதாவது படம் காட்டுற ஒவ்வொரு தடவையும், வேற வேற அளவுல. அதனாலதான் ஃப்ளிப் முடியுற வரைக்கும் காத்திருந்து அந்த நொடியில ட்ரிகர் அனுப்பணும்ங்கறது அடிப்படை விதி. 1997ல டேவிட் பிரெய்னார்டும் டெனிஸ் பெல்லியும் வெளியிட்ட சைக்கோடூல்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர், அப்புறம் மாரியோ க்ளைனர் அதைப் புதுசா வளர்த்த மூணாவது வெர்ஷன், ஜொனாதன் பியர்ஸ் நாட்டிங்ஹாம்ல ஆரம்பிச்ச சைக்கோபை, இதெல்லாமே இந்த ஃப்ளிப் நேரத்தைச் சரியாப் பிடிச்சுக் கொடுக்குறதுக்குத்தான் அவ்வளவு பாடுபட்டிருக்கு. 2020ல பியர்ஸோட டீம் பல சாஃப்ட்வேரையும் ஒரே முறையில அளந்து பார்த்தப்போ சைக்கோடூல்பாக்ஸ், சைக்கோபை, ஈ-பிரைம், பிரசண்டேஷன் இந்த நாலும் லேப் கம்ப்யூட்டர்ல 1 மில்லிசெகண்டுக்குள்ளயே நின்னுச்சு, பிரவுசர் வழியா ஓட்டுறதுல அந்தத் துல்லியம் வரலை, மேக் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ், உபுண்டுவை விடப் பின்தங்குச்சு. அதாவது நல்லா செட் பண்ணின கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது.

ஆனா சாஃப்ட்வேருக்குத் தெரியுறது ஃப்ளிப் வரைக்கும்தான். அதுக்கு மேல நடக்குறதை அதால பார்க்கவே முடியாது. விண்டோஸ்ல எல்லா விண்டோவையும் சேர்த்துக் கலந்து காட்டுற ஒரு லேயர் இருக்கு, ஃபுல் ஸ்கிரீன்ல சரியாப் போகலைன்னா அது கூடுதலா ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு ரெஃப்ரெஷ் அளவு, தாமதம் போட்டுடும். அப்புறம் மானிட்டரே படத்தை வாங்கிட்டு கலர் திருத்தம், ரெசல்யூஷன் மாத்துறதுன்னு உள்ளுக்குள்ள வேலை பார்க்கும், பெரிய டிவியை ஸ்டிமுலஸ் ஸ்கிரீனா வச்சா இந்த வேலை பல ஃப்ரேம் அளவுக்குப் போகும், கேம் மோட்ல போட்டா குறையும். எல்சிடில பிக்சல் திரும்புறதுக்கே சில மில்லிசெகண்ட் எடுக்கும், அதுவும் கறுப்புலேருந்து வெள்ளைக்குப் போறதுக்கு ஒரு நேரம், ஒரு சாம்பல் நிறத்துலேருந்து இன்னொரு சாம்பலுக்குப் போறதுக்கு வேற நேரம். உங்க எக்ஸ்பெரிமெண்ட்ல ஒரு கண்டிஷன் பளிச்னு, இன்னொன்னு மங்கலான படம்னா, மூளைக்குள்ள ஒரு வித்தியாசமும் இல்லாட்டியும் மானிட்டரே ஒரு வித்தியாசத்தை உருவாக்கிக் கொடுத்துடும்.

இதுல ரொம்பப் பேர் கவனிக்காத ஒன்னு, ஸ்கிரீன் ஒரே நொடியில முழுசா மாறுறதில்லைங்கறது. பழைய டப்பா மானிட்டரான சிஆர்டி ஆகட்டும் இப்போ இருக்குற எல்சிடி ஆகட்டும், மேல இருக்குற வரியிலேருந்து கீழ வரைக்கும் வரி வரியா மாறிட்டு வரும், 60 ஹெர்ட்ஸ்ல மேல் வரிக்கும் கடைசி வரிக்கும் கிட்டத்தட்ட 16 மில்லிசெகண்ட் வித்தியாசம், நடுவுல இருக்குற படம் மேல் வரியை விட 8 மில்லிசெகண்ட் லேட். இப்போ கண்ணுக்கு மேல்பாதியில காட்டுறதையும் கீழ்பாதியில காட்டுறதையும் ஒப்பிடுற எக்ஸ்பெரிமெண்ட் ஒன்னை யோசிச்சுப் பாருங்க. விஷுவல் கார்டெக்ஸோட முதல் பதில்னு சொல்ற சி1 அலை 50, 60 மில்லிசெகண்ட்லயே கிளம்பிடும், மேல காட்டுறோமா கீழ காட்டுறோமாங்கறதைப் பொறுத்து அது நெகட்டிவா பாசிட்டிவான்னே மாறும், அதனால அந்த அலையைப் படிக்கிறவங்க மேல் கீழ் ரெண்டையும் காட்டியே ஆகணும். ஸ்கிரீனோட மேல் ஓரம் கீழ் ஓரம்னு காட்டினா 50 மில்லிசெகண்ட் விஷயத்துல 10 மில்லிசெகண்டுக்கும் மேல மானிட்டரோட பங்கு கலந்துடும், அதை மூளையோட வித்தியாசம்னு எழுதிட்டா யாராலயும் பேப்பரைப் படிச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, தாமதம் இருந்தா என்ன ஆகும்னு பார்க்கும்போது ரெண்டு வகையைத் தனித்தனியாப் பிரிச்சே ஆகணும். நம்ம வீட்டுல நிறைய பேர் சுவர்க் கடிகாரத்தை 5 நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருப்பாங்க, அதனால யாருக்கும் பஸ் தப்புறதில்லை, ஏன்னா எப்பவும் அதே 5 நிமிஷம்னு எல்லாருக்கும் தெரியும். மானிட்டர் எப்பவும் 23 மில்லிசெகண்ட் லேட்னா அதுவும் இதே கேஸ்தான், அளந்து தெரிஞ்சுக்கிட்டு அனலைஸ் பண்றப்போ 23ஐக் கழிச்சுட்டா முடிஞ்சுது. ஒரு ட்ரயல்ல 10, அடுத்ததுல 24, அதுக்கடுத்து 17னு மாறிட்டே இருக்குறதுதான் ஜிட்டர், இதை சராசரியைக் கழிச்செல்லாம் சரிபண்ண முடியாது. இஇஜில ஒரே ட்ரயலை வச்சு ஒன்னும் தெரியாது, மூளையோட பதில் சில மைக்ரோவோல்ட்தான், சுத்தி இருக்குற இரைச்சல் அதைவிடப் பல மடங்கு, அதனால நூறு ட்ரயலை 0 கோட்டுல அடுக்கி சராசரி எடுக்குறோம். அடுக்குறதே கோணலா இருந்தா அலையோட கூர்மை போய் பரவிடும், உயரம் குறையும், ஆரம்பம் முந்தி வந்த மாதிரி தெரியும்.

எவ்வளவு குறையும்ங்கறதை கணக்கு போட்டே சொல்லலாம். மேல சொன்ன மாதிரி ட்ரிகர் ஃப்ளிப்புக்குக் காத்திருக்காம போய், ஒரு ஃப்ரேம் முழுக்க, அதாவது 0லேருந்து 16.7 மில்லிசெகண்டுக்குள்ள சீராப் பரவியிருக்குன்னு வச்சுக்கோங்க. 10 ஹெர்ட்ஸ் அளவுல இருக்குற மெதுவான அலை சராசரியில 95 சதவீதம் தப்பிச்சிரும். 40 ஹெர்ட்ஸ் காமா அலை 41 சதவீதமாக் குறைஞ்சிரும். சரியா 60 ஹெர்ட்ஸ்ல இருக்குறது சுத்தமா 0 ஆகிடும், எத்தனை ஆயிரம் ட்ரயல் எடுத்தாலும் திரும்ப வராது. சுமார் 300 மில்லிசெகண்ட்ல வர்ற பி300 மாதிரி அகலமான அலையைப் பார்க்குறவங்க ஒரு ஃப்ரேம் ஜிட்டரோட வாழ்ந்துடலாம், பெருசா ஒன்னும் ஆகாது. காது பக்கம் மூளைத்தண்டு தர்ற பதில் இருக்கே, க்ளிக் சத்தம் கொடுத்து 10 மில்லிசெகண்டுக்குள்ள அஞ்சு முக்கிய அலையும் வந்து முடிஞ்சிரும், அலை 5 சுமார் 5.5 மில்லிசெகண்ட்ல வரும், அங்க 1 மில்லிசெகண்ட் ஜிட்டரே எல்லாத்தையும் கரைச்சுடும். அதனால "டைமிங் எவ்வளவு துல்லியம் வேணும்"னு பொதுவாக் கேட்டா பதில் இல்லை, எந்த அலையைத் தேடுறீங்கன்னு சொன்னாதான் பதில்.

எம்ஆர்ஐ ஸ்கேனர்ல மூளையோட வேலையைப் பார்க்குற எஃப்எம்ஆர்ஐ பண்றவங்க இதெல்லாம் நமக்கில்லைன்னு நினைக்கிறது வழக்கம். பாதி உண்மைதான். ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறதைத்தான் அங்க பார்க்குறோம், அது ஸ்டிமுலஸ் வந்து 5, 6 செகண்ட் கழிச்சுதான் உச்சத்துக்குப் போகும், முழு மூளையையும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணவே 2 செகண்ட், வேகமான மல்டிபேண்ட் முறையில கூட 1 செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. இதுல 20 மில்லிசெகண்ட் ஜிட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஆனா அங்க வேற ஒரு பிரச்சனை இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துக்குற தாமதம். ஸ்கிரிப்ட்ல "படம் காட்டு, 1 செகண்ட் காத்திரு, ப்ளஸ் குறி காட்டு, 2 செகண்ட் காத்திரு"ன்னு அடுத்தடுத்து எழுதியிருந்தா ஒவ்வொரு ட்ரயலும் தான் எடுத்துக்கிட்ட கூடுதல் நேரத்தை அடுத்ததுக்குக் கடத்தும். ஒரு ட்ரயலுக்கு ஒரே ஒரு ஃப்ரேம் கூடினாலும் 300 ட்ரயல் முடியுறப்போ 5 செகண்ட் ஆயிடும், ஸ்கேனர் கணக்குல ரெண்டரை வால்யூம், அதாவது ரெண்டரை முழு மூளை ஸ்கேன். லாக் ஃபைல்ல உண்மையா காட்டின நேரம் இருந்து அதை வச்சு மாடல் பண்ணினா தப்பிச்சாங்க, ப்ளான்ல எழுதின நேரத்தை வச்சுப் பண்ணினா கடைசி பத்து நிமிஷ டேட்டா தப்பான இடத்துல போய் உக்காரும். சரியான முறை என்னன்னா ஸ்கேனர்லேருந்து முதல் பல்ஸ் வந்த நேரத்தை 0ன்னு வச்சுக்கிட்டு ஒவ்வொரு ட்ரயலும் எத்தனாவது செகண்ட்ல ஆரம்பிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணி அந்த நேரத்துக்குக் காத்திருக்குறது, இதுல ஒரு ட்ரயல் சறுக்கினாலும் அடுத்தது தானா சரியாகிடும்.

அந்த முதல் பல்ஸ்லயும் கவனம் வேணும். ஸ்கேனர் ஆரம்பத்துல காந்த சிக்னல் நிலைக்கு வர்ற வரைக்கும் சில வால்யூமை எடுத்துத் தூக்கிப் போட்டுடும், டம்மி ஸ்கேன்னு பேரு. சில இடத்துல டம்மிக்கும் பல்ஸ் வரும், சில இடத்துல வராது, மெஷினையும் சீக்வென்ஸையும் பொறுத்தது. ஒன்னு 2 செகண்ட்னு 4 டம்மின்னா 8 செகண்ட், மொத்த டிசைனும் ரத்த ஓட்டப் பதிலை விட அதிகமா நகர்ந்துடும். ஸ்கேனர் ஆபரேட்டர்கிட்ட நேராக் கேட்டுத் தெரிஞ்சுக்குறதுதான் ஒரே வழி. இன்னொரு ஜிட்டரும் எஃப்எம்ஆர்ஐல பேசுவாங்க, ட்ரயலுக்கு நடுவுல இருக்குற இடைவெளியை வேணும்னே 2, 3.5, 5 செகண்ட்னு மாத்திக் கொடுக்குறது, அது நல்லது, ஒன்னோட ஒன்னு மேல விழுற பதில்களைப் பிரிக்க உதவும். நாம தெரிஞ்சே போட்டு எழுதி வச்ச மாற்றம் அது, மெஷின் நமக்குத் தெரியாம போடுற மாற்றத்தோட குழப்பிக்கக் கூடாது.

எஃப்எம்ஆர்ஐலயும் மில்லிசெகண்ட் உயிர்நாடி ஆகுற ஒரு இடம் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத மாதிரி படம் காட்டுற ஆராய்ச்சிகள். 1998ல பால் வேலன் குழு பயந்த முகத்தை 33 மில்லிசெகண்ட் காட்டி உடனே சாதாரண முகத்தால மறைச்சாங்க, பார்த்தவங்க பயந்த முகத்தைப் பார்த்ததாவே சொல்லலை, ஆனா மூளையில பயத்தோட சம்பந்தப்பட்ட அமிக்டலா வேலை செஞ்சுதுன்னு வந்த அந்தப் பேப்பர் ரொம்பப் பிரபலம். பின்னாடி 2005ல லூயிஸ் பெசோவா குழு கவனமாச் சோதிச்சப்போ 33 மில்லிசெகண்ட்ல நிறைய பேரால அந்த முகத்தைக் கண்டுபிடிக்க முடியுதுன்னு காட்டினாங்க. மனசுக்குத் தெரியாம மூளைக்குத் தெரியுதாங்கற பெரிய கேள்வியே 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேமா ரெண்டு ஃப்ரேமாங்கற இடத்துல தொங்குது. ஒரு ஃப்ரேம் தவறிப்போய் 33க்குப் பதிலா 50 ஆனா அந்த ட்ரயல் வேற எக்ஸ்பெரிமெண்ட் ஆகிடும். சிஆர்டில ரெண்டு ஃப்ரேம்னா ஸ்கிரீன்ல இருக்குற பாஸ்பர் பூச்சு ரெண்டு தடவை சில மில்லிசெகண்டுக்கு மின்னி அணையுறது, எல்சிடில அதே ரெண்டு ஃப்ரேம் முழுக்கத் தொடர்ந்து எரிஞ்சு அப்புறம் மெதுவா அணையுறது. பேப்பர்ல ரெண்டுக்கும் "33 மில்லிசெகண்ட்"னுதான் எழுதுறாங்க.

சத்தம் பக்கம் வந்தா நிலைமை இன்னும் மோசமாகலாம், சவுண்ட் கார்டு டிரைவரைச் சரியா செட் பண்ணலைன்னா சர்வசாதாரணமா பல பத்து மில்லிசெகண்ட் தாமதம், அதுவும் மாறிட்டே இருக்கும். ஸ்கேனருக்குள்ள காந்தம் இருக்குறதால சத்தத்தை ரப்பர் குழாய் வழியாக் கொண்டு போற ஹெட்போன் பல இடத்துல இருக்கு, ஒலி செகண்டுக்கு 343 மீட்டர்தான் போகும், 6 மீட்டர் குழாய்னா 17 மில்லிசெகண்ட். இது மாறாத தாமதம், கழிச்சுக்கலாம், ஆனா உதடு அசையுறதையும் பேச்சையும் சேர்த்துக் காட்டுறவங்க முன்கூட்டியே இதைக் கணக்குல எடுக்கணும்.

ட்ரிகர் போற பாதைக்கும் வரேன். பழைய பேரலல் போர்ட்டை இன்னும் லேப்ல விடாமப் பிடிச்சு வச்சிருக்குறதுக்குக் காரணம் அதோட நேரடித்தன்மை, எட்டு ஒயர்ல 0லேருந்து 255 வரைக்கும் ஒரு நம்பர், எழுதின உடனே வோல்டேஜ் மாறும். அதுலயும் பல்ஸ் ரொம்பக் குட்டியா இருந்தா, உதாரணத்துக்கு 250 ஹெர்ட்ஸ்ல ரெக்கார்ட் பண்றப்போ 4 மில்லிசெகண்டுக்குக் கீழ போனா, ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல விழுந்து காணாமப் போகலாம், திரும்ப 0க்குக் கொண்டு வராம அதே நம்பரை மறுபடி அனுப்பினா ஆம்ப்ளிஃபையர் ரெண்டாவதைப் பார்க்கவே பார்க்காது. இப்போ வர்ற லேப்டாப்ல அந்த போர்ட்டே இல்லை, யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர்தான். அதுல ஒரு பொதுவான சிப்போட டிரைவர் உள்ள வர்ற டேட்டாவை 16 மில்லிசெகண்ட் வரைக்கும் சேர்த்து வச்சுதான் கொடுக்கும், அது டீஃபால்ட், டிவைஸ் செட்டிங்ல போய் 1னு மாத்தணும். பட்டன் பாக்ஸ் இதுவழியா வந்தா ரியாக்ஷன் டைம்ல அந்த 16 கலந்திருக்கும். சாதாரண யுஎஸ்பி கீபோர்டுகள்ல பட்டனை அழுத்தியாச்சான்னு கம்ப்யூட்டர் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் கேக்குறது நிறைய.

ரெண்டு கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒரே வேகத்துல ஓடாதுங்கறதும் இருக்கு. பத்து லட்சத்துக்கு 50 அளவு வித்தியாசம்னா கேக்க ஒன்னுமில்லாத மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்துல 180 மில்லிசெகண்ட் ஆகிடும். ஆரம்பத்துல ஒரே ஒரு ட்ரிகர் அனுப்பிட்டு மத்ததை லாக் ஃபைல்லேருந்து கணக்குப் போட்டுக்கலாம்னு நினைக்கக் கூடாததுக்கு இதுதான் காரணம். இஇஜியையும் எஃப்எம்ஆர்ஐயையும் ஒன்னா எடுக்குறவங்களுக்கு இது இன்னும் கடுமை, ஸ்கேனர் உண்டாக்குற பிரம்மாண்டமான இரைச்சலை சராசரி டெம்ப்ளேட் எடுத்துக் கழிக்கணும், அதுக்கு 5000 ஹெர்ட்ஸ்ல ரெக்கார்ட் பண்ணி ஆம்ப்ளிஃபையர் கடிகாரத்தையே ஸ்கேனர் கடிகாரத்தோட பூட்டி வைப்பாங்க.

இதுக்கெல்லாம் மருந்து ரொம்ப மலிவு, போட்டோடையோடுங்கற வெளிச்சத்தை உணர்ற குட்டி சென்சார். ஸ்கிரீன் மூலையில ஸ்டிமுலஸ் வர்ற அதே ஃப்ரேம்ல ஒரு குட்டி வெள்ளைச் சதுரம் வரைஞ்சு அது மேல சென்சாரை கறுப்பு டேப்பால ஒட்டி, அதோட சிக்னலை ட்ரிகர் பக்கத்துல வச்சுப் பார்க்குறது. முதல் தடவை பார்க்குறவங்களுக்கு அது ஒரு திறப்பு, ஏன்னா கண்ணு முன்னாடி எல்லாம் தெரியும்: ட்ரிகர் சுவர் மாதிரி நேரா எழும்பி நிக்கும், கொஞ்சம் தள்ளி வெளிச்சம் சரிவா ஏறி ஒரு மட்டத்துல நிக்கும், பேக்லைட் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சிருந்தா அந்த மட்டத்து மேலயே நடுக்கம் ஓடும், அதை நிறுத்த பல மானிட்டர்ல பிரைட்னஸை முழுசா ஏத்தினா போதும். நூறு தடவை ஓட்டி அந்த இடைவெளியை வரிசையா அடுக்கிப் பார்த்தா ஒரே கோட்டுல நிக்குதா பரவுதான்னு தெரிஞ்சிரும். ஒரு நாலு ட்ரயல் மட்டும் சரியா 16.7 தள்ளி நின்னா அது தவறின ஃப்ரேம். சென்சார் மூலையில இருக்கு, படம் நடுவுல இருக்குங்கறதால மேல சொன்ன வரி வரியா மாறுற கணக்கையும் சேர்த்துக்கணும்.

1880கள்ல லைப்சிக்ல வில்ஹெல்ம் வுண்ட் லேப்ல ரியாக்ஷன் டைம் அளக்க ஹிப் க்ரோனோஸ்கோப்னு ஒரு மெஷின் வச்சிருந்தாங்க, மில்லிசெகண்ட் காட்டும், அதை அவங்க கண்ணை மூடிட்டு நம்பலை, குறிப்பிட்ட உயரத்துலேருந்து சுத்தியல் விழுற நேரத்தை வச்சு அந்த மெஷினையே சோதிச்சுப் பார்த்துப் பார்த்துதான் வேலை செஞ்சாங்க. இப்போ நம்மகிட்ட இருக்குற கருவி எவ்வளவோ மேல, ஆனா அந்தப் பழக்கம் குறைஞ்சு போச்சு, "மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், சாஃப்ட்வேர் இன்னது"ன்னு ஒரே வரியில முடிக்கிற பேப்பர் நிறைய. அந்த வரி ஒன்னையும் சொல்றதில்லை. எழுத வேண்டியது அளந்த சராசரித் தாமதம், அது எவ்வளவு பரவியிருந்துச்சு, எத்தனை ஃப்ரேம் தவறுச்சு, ஆம்ப்ளிஃபையர் உள்ள இருக்குற ஃபில்டர் தாமதத்தைக் கழிச்சாச்சா இல்லையா, இந்த நாலுதான். ஃபில்டரைத் தனியாச் சொல்றதுக்குக் காரணம், சில கருவியில அந்தத் தாமதம் சாம்பிள் ரேட்டை மாத்தினா தானும் மாறும், போன வருஷம் 1000 ஹெர்ட்ஸ்ல எடுத்த டேட்டாவையும் இந்த வருஷம் 250ல எடுத்ததையும் சேர்த்துப் பார்க்குறப்போ ஒன்னு மட்டும் தள்ளி நிக்கும்.

அளக்குறதும் செட்டப் பண்ற அன்னிக்கு ஒரு தடவையோட நிறுத்தக் கூடாது. கிராஃபிக்ஸ் டிரைவர் ராத்திரி அப்டேட் ஆனா போதும், விண்டோஸ்ல ரெண்டாவது மானிட்டரை யாராவது சொருகினா போதும், நேத்து அளந்தது இன்னிக்கு செல்லாது. ஆம்ப்ளிஃபையர்ல காலியா ஒரு ஆக்சிலரி சேனல் கிட்டத்தட்ட எல்லா லேப்லயும் இருக்கு, போட்டோடையோடை அதுல சொருகி ஒவ்வொரு ஆளோட ரெக்கார்டிங்லயும் அந்த சேனலையும் சேர்த்தே சேவ் பண்ணினா அஞ்சு வருஷம் கழிச்சு வேற யாரோ அந்த டேட்டாவை எடுத்தாலும், ட்ரிகரை ஒதுக்கி வச்சுட்டு, வெளிச்சம் உண்மையா வந்த இடத்துலயே 0 கோட்டைப் போட்டுக்கலாம்.